காணாமல் போன குளம்: ஒரு பழைய கணினியும் ஒரு மோரோவிண்ட் ப்ளகினும்

பின்னணி

2022 மார்ச்சில் ஒரு சனிக்கிழமை. பி.சி.ஏ. இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு தம்பி, பழைய சி.பி.யூ ஒன்றை ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் நிறுத்தி, திருச்சியில் என் வீட்டுக்குக் கொண்டு வந்தார். வார இறுதிகளில் பழைய கணினிகளைச் சீரமைப்பதும், பழைய விளையாட்டுகளுக்கு ப்ளகின் (விளையாட்டோடு சேர்த்துக்கொள்ளும் கூடுதல் கோப்பு) செய்து பார்ப்பதும் எனக்குப் பல வருடப் பழக்கம். இரண்டும் தெரிந்த ஆள் என்று யாரோ சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

கணினி அவருடைய அக்காவுடையது. 2009 ஜூனில் அக்கா பொறியியல் சேர்ந்தபோது வீட்டில் வாங்கிக் கொடுத்தது. இன்டெல் கோர் 2 டுவோ இ7500, 2 ஜிபி டிடிஆர்2 ரேம், ஜிஃபோர்ஸ் 9400 ஜிடி கார்டு, 320 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் எக்ஸ்பி. படிப்பு நேரம் போக, அந்தக் கணினியில் அக்கா ஏறக்குறைய மூன்று வருடம் ஓர் ஊர் கட்டிக்கொண்டிருந்தார்.

அந்த ஊர் இருப்பது மோரோவிண்டுக்குள். பெதஸ்டா 2002-இல் வெளியிட்ட கற்பனை உலக ரோல்-பிளேயிங் விளையாட்டு அது. உலகத்தை உருவாக்க உதவும் கன்ஸ்ட்ரக்‌ஷன் செட் என்ற கருவியையும் விளையாட்டோடு சேர்த்தே கொடுத்தார்கள். அதை வைத்து யார் வேண்டுமானாலும் நிலத்தை வெட்டலாம், வீடு கட்டலாம், ஆட்களைக் குடியேற்றலாம். எல்லாவற்றையும் ஒரு இ.எஸ்.பி கோப்பாகச் சேமித்தால் அதுதான் ப்ளகின். இருபது வருடம் கழித்தும் மோரோவிண்ட் மாடிங், அதாவது விளையாட்டை ரசிகர்களே மாற்றிச் செய்வது, உயிரோடு இருக்கிறது என்றால் அந்தக் கருவிக்கு அதில் பெரிய பங்கு உண்டு.

அக்கா தேர்ந்தெடுத்த இடம் பிட்டர் கோஸ்ட் என்ற சதுப்புக் கரையோரம். அங்கே ஒரு சின்ன மீனவர் குப்பம், அதன் நடுவில் நான்கு பக்கமும் படித்துறை வைத்த ஒரு குளம். படிகள், கட்டுமரம், விளக்குத் தூண் எல்லாம் பிளெண்டர் என்ற முப்பரிமாண வரைகலை நிரலில் அவரே செய்த வடிவங்கள். 2012-இல் வேலை பாதியில் நின்றுவிட்டது. ஏன் என்று தம்பிக்குத் தெரியவில்லை. அக்கா திருமணமாகி வெளியூரில் இருக்கிறார், மே விடுமுறைக்கு வருவார். அதற்குள் அதே கணினியில் அந்த ஊர் ஓட வேண்டும், அக்காவுக்கு முன்கூட்டியே தெரியக் கூடாது. இதுதான் கோரிக்கை.

முதல் நாள் பார்த்தவை

பவர் பட்டனை அழுத்தினால் மின்விசிறி இரண்டு நொடி சுற்றி நின்றது. மூன்றாவது முறை அழுத்தியபோது ஓடியது. கணினி எழும்போது முதலில் வரும் பயாஸ் திரையில் சிமாஸ் பிழை, தொடர எஃப்1 அழுத்தவும் என்று வந்தது. அழுத்தினேன். அதற்குப் பிறகு எக்ஸ்பி லோகோவோடு அப்படியே நின்றது. ஹார்ட் டிஸ்க்கிலிருந்து சீரான இடைவெளியில் டக் டக் என்ற சத்தம். உடனே அணைத்துவிட்டேன்.

பெட்டியைத் திறந்தால் ஹீட்சிங்க் கம்பளி போலத் தூசி பிடித்திருந்தது. பிராசசர் அருகில் வரிசையாக நின்று மின்சாரத்தைச் சீராக்கும் கெப்பாசிட்டர்களில் ஐந்து, தலை உப்பி இருந்தன. மூன்றின் உச்சியில் வெட்டுக்கோடு விரிந்து பழுப்பு நிறத்தில் காய்ந்த கசிவு. பார்த்ததும் தெரிகிற கோளாறு.

அந்த எஃப்1 செய்தியை நான் குறித்துக்கொள்ளவே இல்லை. பன்னிரண்டு வருடக் கணினியில் சிமாஸ் பேட்டரி, அதாவது மின்சாரம் இல்லாதபோதும் கடிகாரத்தை ஓட்டும் சின்ன பேட்டரி, செத்திருப்பது சாதாரணம். புது சிஆர்2032 போட்டேன், தேதியைச் சரியாக வைத்தேன், நகர்ந்துவிட்டேன். இந்த ஆய்வின் முக்கால்வாசி அந்த ஐந்து நிமிடத்தில் அடங்கியிருக்கிறது.

முதலில் ஹார்ட் டிஸ்க், பிறகுதான் மதர்போர்டு

எடுத்த முதல் முடிவு: போர்டை எத்தனை முறை வேண்டுமானாலும் சோதிக்கலாம், அந்த ஹார்ட் டிஸ்க்கை முடியாது. அதனால் அதைக் கழற்றி என்னுடைய லினக்ஸ் கணினியில் இணைத்தேன். வட்டு தன் நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் அறிக்கையில், வாசிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்கள் (வட்டின் சின்னச் சின்னத் துண்டுகள்) 40-க்கு மேல். அந்த நிலையில் கோப்புகளைத் திறந்து பார்ப்பதோ, வட்டைச் சரிசெய்யும் கட்டளை கொடுப்பதோ ஆபத்து. பழுதான வட்டிலிருந்து தரவை மீட்கும் ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ கொண்டு முழு வட்டையும் ஒரே பிம்பக் கோப்பாக, அதாவது வட்டின் அச்சு அசல் நகலாக, எடுத்தேன். நன்றாக உள்ள பகுதிகளை முதல் சுற்றில் எடுத்துவிட்டு, சிக்கலானவற்றுக்கு மூன்று சுற்று திரும்பப் போகச் சொன்னேன். இரவு 9 மணிக்குத் தொடங்கியது, மறுநாள் மதியம் முடிந்தது. கடைசிவரை வராமல் நின்றது 212 கேபி.

அந்த 212 கேபி எந்தக் கோப்புகளுக்குள் விழுந்திருக்கிறது என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. பிம்பத்தின் நகல் ஒன்றில், வாசிக்க முடியாத இடங்களை மட்டும் ஒரு விசித்திரமான சொல்லால் நிரப்பச் சொல்லலாம். அப்புறம் எல்லாக் கோப்புகளிலும் அந்தச் சொல்லைத் தேடினால் அடிபட்டவை தெரிந்துவிடும். பல எக்ஸ்பி கோப்புகளும், விளையாட்டுக் கோப்புறையில் இரண்டு வடிவக் கோப்புகளும் சிக்கின: கட்டுமரம், விளக்குத் தூண். ப்ளகின் தப்பித்திருந்தது.

வட்டில் குடும்பப் படங்களும் இருந்தன. விளையாட்டுக் கோப்புறையைத் தவிர வேறு எதையும் திறக்கவில்லை. முழுப் பிம்பத்தையும் கடைசியில் ஒரு வெளி டிரைவில் அவர்களிடமே கொடுத்தேன்.

மதர்போர்டு வேலை

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சென்னை போனபோது ரிச்சி தெருவில் அதே அளவு கெப்பாசிட்டர்கள் வாங்கினேன்: 6.3 வோல்ட், 1500 மைக்ரோஃபாரட், 105 டிகிரி, குறைந்த உள்தடை உள்ளவை. மதர்போர்டு பல அடுக்கு கொண்டது. தரை இணைப்புக் காலில் வைக்கும் சூட்டையெல்லாம் உள்ளே இருக்கும் செம்புத் தகடு இழுத்துவிடும். பழைய ஈயத்தின் மேல் கொஞ்சம் புது ஈயம் வைத்து, இரண்டு காலையும் மாறி மாறிச் சூடாக்கி, கெப்பாசிட்டரை லேசாக ஆட்டிக்கொண்டே இருந்தால் மெல்ல வெளியே வரும். அவசரப்பட்டு இழுத்தால் துளைக்குள் இருக்கும் செம்பு வளையமும் கூடவே வந்துவிடும். எதிர் முனை எது என்று காட்டும் அடையாளத்தை எல்லா மதர்போர்டுகளும் ஒரே மாதிரி அச்சிடுவதில்லை, அதனால் கழற்றும் முன் படம் எடுத்து வைத்தேன். ஐந்தையும் மாற்றியதும் முதல் அழுத்தலிலேயே ஓடியது.

ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ நிரலை ஓர் இரவு ஓட்டினேன். இரண்டு ரேமில் ஒன்று பிழை காட்டியது. அழிரப்பரால் தகட்டைத் துடைத்துப் பார்த்தும் பிழை போகவில்லை, மாற்றினேன். மின்சாரம் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ் பெட்டியையும் மாற்றினேன். இதெல்லாம் விளையாட்டை நிறுவுவதற்கு முன்பே செய்தது நல்ல முடிவு என்று இப்போதும் நினைக்கிறேன். கெட்ட ரேமால் வரும் முடக்கமும் ப்ளகின் மோதலால் வரும் முடக்கமும் திரையில் ஒரே மாதிரிதான் தெரியும்: விளையாட்டு சட்டென்று மூடிக்கொள்ளும். அடித்தளம் சரி என்று தெரிந்த பிறகுதான் மேலே தேட முடியும்.

பிம்பத்தை நல்ல வட்டு ஒன்றில் இறக்கிப் பார்த்தேன், எக்ஸ்பி எழவில்லை. புதிதாக நிறுவினேன். மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பிக்கான ஆதரவை 2014 ஏப்ரலில் நிறுத்திவிட்டதால் இந்தக் கணினியை இணையத்தில் இணைப்பதில்லை என்று முதலிலேயே பேசிக்கொண்டோம். அக்காவின் பெட்டியில் இருந்த குறுவட்டுகளிலிருந்து மோரோவிண்டை நிறுவி, ப்ளகின்களும் வடிவங்களும் இருக்கும் பழைய டேட்டா ஃபைல்ஸ் கோப்புறையை லினக்ஸ் வழியாகப் பிம்பத்திலிருந்து நகலெடுத்து வைத்தேன்.

ஊர் வந்தது, குளம் வரவில்லை

ஏப்ரல் முதல் வாரம். தம்பி பக்கத்தில் உட்கார்ந்திருக்க, விளையாட்டைத் தொடங்கி அந்தச் சதுப்பு நிலத்துக்கு நடந்தோம். குடிசைகள் இருந்தன. வலை காயும் கம்புகள் இருந்தன. கட்டுமரமும் விளக்குத் தூணும் இருக்க வேண்டிய இடங்களில், வடிவக் கோப்பு கிடைக்காதபோது விளையாட்டு காட்டும் ஆச்சரியக்குறி அடையாளம் நின்றது. அது எதிர்பார்த்ததுதான். ஊர் நடுவில் குளத்தைக் காணோம். சேறும் புல்லும் மூடிய மேடு, அதில் மேல்படியின் விளிம்பு மட்டும் சதுரமாக ஒரு விரல் உயரம் தெரிந்தது. மீதிப் படிகள் மண்ணுக்குள் புதைந்திருந்தன.

மோரோவிண்டின் வெளி நிலம் முழுவதற்கும் நீர்மட்டம் ஒன்றே. தரையை அந்த மட்டத்துக்குக் கீழே வெட்டினால் தண்ணீர் தானாக நிற்கும். ஆகவே தண்ணீர் இல்லை என்றால் பள்ளம் இல்லை என்று பொருள். அக்கா வெட்டிய நிலத்தின் மேல் வேறு ஏதோ நிலம் வந்து உட்கார்ந்திருக்கிறது. நான் முதலில் சந்தேகப்பட்டது அந்த 212 கேபியை. ப்ளகினுக்குள்ளும் எங்கோ அடிபட்டிருக்குமோ என்று இரண்டு வார இறுதிகளை அதில் செலவிட்டேன். ஆனால் அதே கோப்பை மட்டும் கன்ஸ்ட்ரக்‌ஷன் செட்டில் திறந்தால் குளம் முழுசாக இருந்தது. கருவியில் இருக்கிறது, விளையாட்டில் இல்லை.

விடையின் நுனியைப் பிடித்தவர் தம்பிதான். கோப்புறையைத் தேதி வாரியாக அடுக்கிப் பார்த்துவிட்டு, "அண்ணா, நாப்பத்தி மூணு ப்ளகினுக்கும் ஒரே நாள் தேதி இருக்கே, அது சரியா?" என்று கேட்டார்.

சரியில்லை. தவறு என்னுடையது.

தேதி ஏன் முக்கியம்

மோரோவிண்ட் எந்த ப்ளகினை முதலில் ஏற்ற வேண்டும், எதைக் கடைசியில் ஏற்ற வேண்டும் என்பதைக் கோப்பு கடைசியாக மாற்றப்பட்ட தேதியை வைத்தே முடிவு செய்கிறது. இ.எஸ்.எம் என்ற தாய்க் கோப்புகள் முதலில், பிறகு ப்ளகின்கள், பழைய தேதியிலிருந்து புதிய தேதி நோக்கி. ஒரே நிலத்துண்டை இரண்டு ப்ளகின்கள் மாற்றினால் கடைசியாக ஏறியதே நிற்கும். இதே வரிசையில் 2006-இல் வந்த அடுத்த விளையாட்டான ஆப்லிவியனும் இதே முறைதான். அதற்கும் அடுத்த ஸ்கைரிமில்தான் பிறகு வந்த ஒரு மேம்படுத்தலில் வரிசை தனிப் பட்டியலாக மாறியது.

லினக்ஸில் வெறும் சிபி கட்டளையால் நகலெடுத்தால், கோப்பு மாற்றப்பட்ட தேதி நகலெடுத்த நேரமாகிவிடும். பழைய தேதியைக் காப்பாற்ற ஒரு கூடுதல் குறி சேர்க்க வேண்டும். நான் சேர்க்கவில்லை. கோப்புகள் அகரவரிசையில் நகலாகி, அந்த அகரவரிசையே ஏற்ற வரிசையாகிவிட்டது. கரையோர நிலத்தையும் மரங்களையும் மாற்றும் வேறொருவரின் ப்ளகின் அந்தக் கோப்புறையில் இருந்தது. அது அக்காவின் ப்ளகினுக்குப் பின்னால் ஏறியது.

பிம்பத்தில் அசல் தேதிகள் பத்திரமாக இருந்தன. தேதிகளோடு மீண்டும் நகலெடுத்தேன். நம்பிக்கையோடு விளையாட்டைத் திறந்தோம். அப்படியும் அதே மேடு, அதே ஒரு விரல் படி.

இந்த முறை தேதிகளை ஒவ்வொன்றாகப் படித்தோம். மரங்களின் ப்ளகின் 2011. மற்றவை 2003 முதல் 2011 வரை. அக்காவின் ப்ளகின்: 2009 ஜனவரி 1, அதிகாலை 2:47. பக்கத்தில் அவர் எடுத்து வைத்திருந்த ஒன்பது நகல்களில் நான்கு, 2012 பிப்ரவரி வரை ஒழுங்கான தேதிகளோடு இருந்தன. மீதி ஐந்தும் 2009 ஜனவரி 1. நேரங்கள் மட்டும் வேறு: 0:52, 1:10, 1:38, 2:05, 2:47.

"ரெண்டே முக்கால் வரைக்கும் அம்மா முழிச்சிருக்க விடமாட்டாங்கண்ணா" என்றார் தம்பி. அதை விடப் பெரிய விஷயம் ஒன்று: கணினி வீட்டுக்கு வந்ததே 2009 ஜூனில்.

அப்போதுதான் அந்த எஃப்1 செய்தி நினைவுக்கு வந்தது. பேட்டரி செத்த போர்டில், சுவரில் மின்சாரம் இருக்கும்வரை கடிகாரம் ஓடும். அதையும் அணைத்தால் மறந்துவிடும். நம் வீடுகளில் இரவு சுவிட்ச் போர்டிலேயே அணைத்துவிடுவோம். இந்த போர்டு நினைவு இழந்தால் திரும்பிப் போகும் நாள் 2009 ஜனவரி 1, நள்ளிரவு 12 மணி. பேட்டரியைக் கழற்றிச் சோதித்தேன், அதேதான். அந்த 2:47 கடிகார நேரம் இல்லை. கணினியைப் போட்டு இரண்டு மணி நாற்பத்தேழு நிமிடம் கழித்து அக்கா சேமித்திருக்கிறார், அவ்வளவுதான்.

தொலைபேசி

ஐந்து நகல்களில் எது கடைசி என்று தேதியை வைத்துச் சொல்ல முடியாது. ஆச்சரியம் கெட்டாலும் பரவாயில்லை, அக்காவைக் கேட்டே ஆக வேண்டும் என்று தம்பியிடம் சொன்னேன். அவர் தயங்கித்தான் ஒப்புக்கொண்டார். ஸ்பீக்கரில் பேசினோம்.

அக்கா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு சொன்னார்: "மூணாவது வருஷம் படிக்கறப்பண்ணா, ஒரு நாள் பார்த்தா குளம் மூடிக்கிச்சு. எடிட்டர்ல திறந்தா இருக்கு, கேம்ல இல்ல. நான்தான் நிலத்த ஏதோ கெடுத்துட்டேன்னு நெனச்சேன். அஞ்சு தடவ திரும்பத் திரும்ப வெட்டினேன். ஒவ்வொரு தடவையும் மூடிக்கிச்சு. போதும்னு விட்டுட்டேன்."

ஐந்து நகல்களும் ஐந்து முறை வெட்டிய அதே குளம். அவர் எந்தத் தவறும் செய்யவில்லை. அதுவரை கடிகாரம் சரியாக இருந்ததால், திருத்திச் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் அவருடைய ப்ளகின் தானாகவே வரிசையின் கடைசிக்குப் போய்விடும், குளம் ஜெயித்துவிடும். ஏற்ற வரிசை என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரிய வேண்டியிருக்கவில்லை. பேட்டரி செத்த நாளிலிருந்து, அவர் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் கோப்புக்கு 2009 தேதி விழுந்து, வரிசையில் மரங்களின் ப்ளகினுக்கு முன்னால் போய்விட்டது. எவ்வளவு சரியாக வெட்டினாலும் மூடத்தான் செய்யும். இதை அவரிடம் விளக்கியபோது, அந்தப் பேட்டரியின் விலை என்ன என்று கேட்டார். முப்பது ரூபாய் இருக்கும் என்றேன்.

நகல்களைப் பற்றிக் கேட்டதும், கட்டுமரம் கிழக்குப் படியில் கட்டியிருப்பதுதான் கடைசி என்று உடனே சொன்னார். அது 1:38 நகல்.

செய்ததும் நடந்ததும்

அந்த நகலின் தேதியை மரங்களின் ப்ளகினுக்குப் பின்னால் தள்ளினேன். வரிசையைச் சரிபார்க்கும் எம்லாக்ஸ் போன்ற கருவிகள் ஊரறிந்த ப்ளகின்களுக்குத்தான் விதி வைத்திருக்கும். வீட்டில் செய்த ஒன்றுக்கு நாம்தான் இடம் சொல்ல வேண்டும். விளையாட்டைத் திறந்தோம். குளம் இருந்தது. பதினான்கு படிகளும் இருந்தன, ஒன்பதாவது படியில் தண்ணீர் அலம்பிக்கொண்டிருந்தது.

ஆனால் மரங்களில் மூன்று, தண்ணீருக்கு மேல் அந்தரத்தில் வேரோடு நின்றன. நிலத்தில் ஒரு ப்ளகின்தான் ஜெயிக்கும், ஆனால் இரண்டு ப்ளகின்கள் புதிதாக வைத்த பொருள்கள் இரண்டுமே இருக்கும். மேட்டில் நட்ட மரம், மேடு போன பிறகும் அதே உயரத்தில் நிற்கிறது. ஒரு ப்ளகினிலிருந்து இன்னொரு ப்ளகினின் பொருளை நகர்த்த கன்ஸ்ட்ரக்‌ஷன் செட் ஒழுங்காக விடாது. அதனால் மரங்களின் ப்ளகினுக்கு ஒரு சொந்த நகல் எடுத்து, அதில் மூன்றை நீக்கினேன். இன்னொருவரின் உழைப்பு அது. இந்த நகல் அந்த வீட்டைத் தாண்டிப் போகாது என்று சொல்லி வைத்தேன்.

கட்டுமரத்தின் வடிவக் கோப்பு அக்காவின் பழைய பென் டிரைவ் ஒன்றில் கிடைத்தது. விளக்குத் தூண் கிடைக்கவில்லை. விளையாட்டில் ஏற்கெனவே உள்ள ஒரு விளக்கை அந்த இடத்தில் வைத்தேன், பொருந்தவில்லை.

மே மூன்றாவது வாரம் அக்கா வந்தார். குளத்தின் வடக்குப் பக்கம், இரண்டு நிலத்துண்டுகள் சேரும் எல்லையில் உயரம் ஒத்துப்போகாமல் ஒரு பிளவு இருந்தது. அதை நான் வேண்டுமென்றே தொடவில்லை. அவர் கன்ஸ்ட்ரக்‌ஷன் செட்டைத் திறந்து, பத்து வருடம் இடைவெளியே இல்லாதது போல, அரை மணி நேரத்தில் அதை இழைத்துவிட்டார். அவருடைய மகள் மடியில் உட்கார்ந்து, தண்ணீரில் மீன் எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அன்று மாலை மீன் விடப்பட்டது. விளக்குத் தூணை ஊருக்குப் போய்த் திரும்பச் செய்கிறேன் என்றார். இதை எழுதும்வரை செய்யவில்லை.

இனி மாற்றிச் செய்வது

முதல் அழைப்பு அந்தக் கோப்பைச் செய்தவருக்குத்தான் போக வேண்டும். தம்பியின் ஆசை எனக்குப் புரிந்தது, அதனால் ஒத்துக்கொண்டேன். ஆனால் குளம் மூடிய கதை மார்ச்சிலேயே தெரிந்திருந்தால் ப்ளகினுக்குள் அடிபட்ட பைட்டுகளைத் தேடி இரண்டு வார இறுதிகள் போயிருக்காது.

பேட்டரியை மாற்றும் முன் பயாஸ் காட்டும் தேதியை எழுதி வைக்கிறேன். அதைச் சரியான தேதியாக மாற்றியபோது ஒரு தடயத்தை நானே அழித்துவிட்டேன். இந்த போர்டில் திரும்ப வரவழைக்க முடிந்தது அதிர்ஷ்டம். பழைய வட்டிலிருந்து எடுக்கும் எதையும் தேதியோடுதான் நகலெடுக்கிறேன், தொடங்கும் முன் கோப்புப் பட்டியலைத் தேதிகளோடு ஒரு காகிதத்தில் அச்சிட்டும் வைக்கிறேன். மோரோவிண்டை இன்றைய கணினியில் ஓட்டக் கேட்பவர்களுக்கு அந்த விளையாட்டை ஓட்டுவதற்கென்று ரசிகர்கள் புதிதாக எழுதிய ஓபன்எம்டபிள்யூ என்ஜினைச் சொல்கிறேன். அதில் ஏற்ற வரிசை ஒரு அமைப்புக் கோப்பில் வரி வரியாக எழுதியிருக்கும், கடிகாரம் கெட்டால் கலையாது.

மாற்றாமல் வைத்துக்கொள்வது: ஹார்ட் டிஸ்க்கைப் பிம்பமாக எடுக்காமல் வேறு எதையும் தொடாதது. சிபி கட்டளையில் நான் செய்த பிழையைத் திருத்த முடிந்தது அசல் பிம்பம் இருந்ததால்தான்.

அந்தக் கணினியின் பக்கவாட்டுத் தகட்டில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறேன்: பேட்டரி மாற்றியது 2022 மார்ச், அடுத்தது 2026 மார்ச். அதன் கீழே அக்கா தன் கையெழுத்தில் மரங்களின் ப்ளகின் பெயரையும், அதற்குக் கீழே தன்னுடைய ப்ளகின் பெயரையும், அதே வரிசையில் எழுதி வைத்திருக்கிறார்.